நேர்மையின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

நேர்மையின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் என்பவை பொய், ஏமாற்று, களவு, கையூட்டு, இரண்டகம் முதலிய ஒழுக்கப் பிறழ்வுகளைச் சுட்ட அன்றாட ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் ஆகும். இவற்றுள் சில பழைய ஆங்கிலத்திலிருந்து தொடர்ந்து வழங்கி வருபவை. சில 1066ஆம் ஆண்டு நார்மானியர் படையெடுப்பின் பின் பிரெஞ்சு வழியாகச் சட்டச் சொற்களாக நுழைந்தவை. வேறு சில ஆட்பெயர்களிலிருந்தும், இனப்பெயர்களிலிருந்தும், இந்திய மொழிகளிலிருந்தும் வந்தவை.

இச்சொற்கள் ஒரு செயலை விவரிப்பதோடு, செய்தவர் மீது குற்றமும் சாட்டுகின்றன. ஒருவர் கூறியது 'தவறு' என்பதற்கும் 'பொய்' என்பதற்கும் உள்ள வேறுபாடு, அவருடைய மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பற்றியது. ஆகையால் இச்சொற்களின் பொருள் எல்லைகள் நீதிமன்றங்களிலும் நாடாளுமன்றங்களிலும் செய்தித்தாள் அலுவலகங்களிலும் தொடர்ந்து வழக்காடப்பட்டு வந்துள்ளன.

அடிப்படை உருவகம்

ஆங்கிலத்தில் நேர், வளைவு ஆகிய கருத்துகள் ஒழுக்கச் சொற்களுக்கு அடிப்படையாக உள்ளன. சரி எனப் பொருள்படும் 'ரைட்' என்னும் சொல்லின் பழம்பொருள் 'நேரான' என்பதாகும். தவறு எனப் பொருள்படும் 'ராங்' என்னும் சொல் 'வளைந்த', 'கோணலான' என்னும் பொருளுடைய பழைய நார்சு மொழிச் சொல்லோடு தொடர்புடையது. கொக்கி அல்லது வளைவு என்னும் பொருளுடைய 'குரூக்' என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கில் மோசடிக்காரனைக் குறிக்கலாயிற்று. உரிமையியல் தீங்கைக் குறிக்கும் 'டார்ட்' என்னும் சட்டச் சொல்லும் 'முறுக்கப்பட்ட' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே.

இதே உருவகம் தமிழிலும் உண்டு. 'நேர்மை' என்னும் சொல்லில் 'நேர்' அமைந்துள்ளது. நல்லாட்சியைச் செங்கோல் என்றும் தீய ஆட்சியைக் கொடுங்கோல் என்றும் கூறும் வழக்கும் இத்தகையதே.

'ஆனெஸ்ட்' என்னும் சொல் வேறு வழியில் வந்தது. மதிப்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்ட இது, தொடக்கத்தில் 'மதிப்புக்குரிய' என்றே பொருள்பட்டது. அதன் எதிர்ச்சொல்லான 'டிஸ்ஆனெஸ்ட்' முன்னர் மானக்கேடானது, கற்பு நெறி தவறியது ஆகிய பொருள்களிலும் வழங்கியது. பொய், களவு ஆகியவற்றோடு மட்டும் அது பிணைக்கப்பட்டது பிற்கால மாற்றமாகும்.

பொய்யைக் குறிக்கும் சொற்கள்

பொய்யைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுள் வன்மையானது 'லை' என்பதாகும். இது பழைய ஆங்கிலச் சொல். 'லையர்', அதாவது பொய்யர், என ஒருவரை அழைப்பது ஆங்கிலச் சமூகத்தில் கடும் இழிவுரையாகக் கருதப்படுகிறது. முற்காலத்தில் இது இருவர் வாட்போர் புரிவதற்குக் கூடக் காரணமாக அமைந்தது.

லிண்டா கோல்மன், பால் கே ஆகிய மொழியியலாளர்கள் 1981ஆம் ஆண்டில் இச்சொல்லைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வொன்றை வெளியிட்டனர். ஒரு முழுமையான பொய்யில் மூன்று கூறுகள் இருப்பதாக அவர்கள் கொண்டனர்.

1. கூறப்பட்டது உண்மையில் தவறானது.
2. அது தவறானது எனக் கூறுபவர் நம்புகிறார்.
3. கேட்பவரை ஏமாற்றும் நோக்கம் கூறுபவருக்கு உள்ளது.

இக்கூறுகள் வெவ்வேறு வகையில் அமைந்த எட்டுச் சிறு கதைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நிகழ்ந்தது பொய்யா எனப் பலரிடம் வினவப்பட்டது. கூறுபவரின் நம்பிக்கையே மிக முதன்மையானது என்றும், ஏமாற்றும் நோக்கம் அடுத்தது என்றும், கூற்று உண்மையில் தவறாக இருப்பது கடைசி இடத்தையே பெறுகிறது என்றும் விடைகள் காட்டின. ஒருவர் பொய் என நினைத்துக் கூறியது தற்செயலாக உண்மையாகிவிட்டாலும், அவர் பொய் கூறினார் எனக் கருதும் போக்கு ஆங்கிலம் பேசுவோரிடம் உள்ளது.

இதனைச் சூழ்ந்துள்ள பிற சொற்களுள் சில வருமாறு:

- 'ஒயிட் லை': பிறர் மனம் நோகாமல் இருக்கக் கூறும் தீங்கற்ற பொய். சொல்லுக்குச் சொல் 'வெள்ளைப் பொய்' எனப் பொருள்படும். இத்தொடர் 16ஆம் நூற்றாண்டு முதல் வழக்கில் உள்ளது.
- 'ஃபிப்': சிறு பொய். பெரும்பாலும் குழந்தைகளின் பொய்யைக் குறிக்கும்.
- 'பெர்ஜரி': உறுதிமொழி எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தில் கூறும் பொய். இது குற்றமாகும்.
- 'மிஸ்லீட்': தவறான முடிவுக்கு இட்டுச் செல்லுதல். இதற்குப் பொய் கூற வேண்டும் என்பதில்லை. உண்மையின் ஒரு பகுதியை மட்டும் கூறியும் இதனைச் செய்யலாம்.
- 'புல்சிட்': கொச்சைச் சொல். மெய்யியலாளர் ஹாரி பிராங்க்ஃபர்ட் 1986ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 2005ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. பொய்யன் உண்மையை அறிந்து மறைக்கிறான், ஆனால் இச்சொல் குறிக்கும் ஆளோ தான் கூறுவது உண்மையா இல்லையா என்பதைப் பற்றியே கவலைப்படுவதில்லை என்பது அவர் காட்டிய வேறுபாடு ஆகும்.

களவு, மோசடி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள்

பிறர் பொருளைக் கவர்வதைக் குறிக்கும் சொற்கள், கவர்ந்த முறையைக் கொண்டு வேறுபடுகின்றன. 'ஸ்டீல்' என்பது திருடப்பட்ட பொருளையும் 'ராப்' என்பது பொருளை இழந்தவரையும் செயப்படுபொருளாகக் கொள்ளும். பணப்பையை 'ஸ்டீல்' செய்யலாம். பணப்பையின் உரிமையாளரை அல்லது ஒரு வங்கியைத்தான் 'ராப்' செய்ய முடியும். அன்றியும் 'ராபரி' என்பதில் வன்முறையோ அச்சுறுத்தலோ இருத்தல் வேண்டும். 'பர்க்ளரி' என்பது கட்டடத்தினுள் அத்துமீறி நுழைந்து திருடுவது. தன் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாடுவது 'எம்பெசில்' எனப்படும்.

வேறு சில சொற்களின் வரலாறு குறிப்பிடத்தக்கது.

'சீட்' (ஏமாற்று): வாரிசின்றி இறந்தவரின் நிலம் நிலக்கிழாருக்கோ அரசருக்கோ சேரும் முறை நடுக்கால இங்கிலாந்தில் 'எஸ்சீட்' எனப்பட்டது. இதனை நடத்திய அலுவலர்கள் மக்களின் சொத்தைப் பறிப்பவர்கள் எனப் பெயரெடுத்தனர். சட்ட நடைமுறையின் பெயர் சிதைந்து ஏமாற்றின் பெயராயிற்று.

'பிரைப்' (கையூட்டு): பிச்சைக்காரருக்கு இடும் ரொட்டித் துண்டு எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நடுக்கால ஆங்கிலத்தில் திருடுவதையும் பறிப்பதையும் குறித்தது. அலுவலர் பறிக்கும் பணத்தைக் குறித்த சொல், பின்னர் அலுவலரை வளைக்கக் கொடுக்கும் பணத்தைக் குறிப்பதாக மாறியது.

'பிளாக்மெயில்' (மிரட்டிப் பணம் பறித்தல்): இதிலுள்ள 'மெயில்' கடிதத்தைக் குறிப்பதன்று. அது வரி அல்லது வாடகை எனப் பொருள்படும் பழைய இசுக்காட்லாந்துச் சொல். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து - இசுக்காட்லாந்து எல்லைப் பகுதியில், கொள்ளையடிக்காமல் இருப்பதற்காகக் கொள்ளைக் கூட்டத் தலைவர்களுக்கு உழவர்கள் கட்டிய காப்புப் பணமே இப்பெயர் பெற்றது.

'ஹிப்போகிரிட்' (வெளிவேடக்காரர்): மேடை நடிகரைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

'பிளேஜியரிசம்' (எழுத்துத் திருட்டு): பிறருடைய பிள்ளைகளை அல்லது அடிமைகளைக் கடத்திச் செல்பவனைக் குறித்த இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டு உரோமானியக் கவிஞர் மார்சியல், தம் கவிதைகளைத் தமதென்று சொல்லிக்கொண்ட ஒருவரை இச்சொல்லால் சாடினார். ஆங்கிலத்தில் இப்பொருள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுழைந்தது.

'சின்சியர்' (உள்ளார்ந்த நேர்மையுடைய) என்னும் சொல் இலத்தீனில் 'மெழுகு இல்லாத' எனப் பொருள்படும் தொடரிலிருந்து வந்தது என்றும், சிற்பிகள் விரிசல்களை மெழுகால் மறைத்ததே இதற்குக் காரணம் என்றும் ஒரு கதை பரவலாக வழங்குகிறது. இதனைச் சொற்பிறப்பியலாளர்கள் ஏற்பதில்லை. 'தூய' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே இதன் மூலம் ஆகும்.

சமூக நிலையும் ஒழுக்கச் சொற்களும்

தீயவர்களைக் குறிக்கும் பல ஆங்கிலச் சொற்கள் தொடக்கத்தில் ஏழைகளையும் பணியாளர்களையும் மட்டுமே குறித்தன. தமிழ்த் திரைப்படங்களின் வாயிலாகத் தமிழருக்கும் நன்கு அறிமுகமான 'வில்லன்' என்னும் சொல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும். பண்ணை எனப் பொருள்படும் 'வில்லா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து தோன்றிய இது, பண்ணையில் கட்டுண்டு உழைத்த குடியானவரைக் குறித்தது. 'நேவ்' என்பது சிறுவன் என்னும் பொருளிலிருந்து பணியாள் என்றாகி, பின்னர் கயவன் என்றாயிற்று. இதற்கு இணையான செருமானியச் சொல் இன்றும் சிறுவனையே குறிக்கிறது. கும்பலைச் சேர்ந்தவன் எனப் பொருள்பட்ட 'ராஸ்கல்' என்பதும் இவ்வாறே போக்கிரி என்னும் பொருளைப் பெற்றது.

மறுபுறம், உயர்குடிப் பிறப்பைக் குறித்த 'நோபிள்', 'ஜென்டில்' ஆகிய சொற்கள் நற்பண்புகளின் பெயர்களாயின. எழுத்தாளரும் இலக்கிய அறிஞருமான சி. எஸ். லூயிஸ், 1960ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இந்நிகழ்வைச் சமூக நிலைச் சொற்கள் ஒழுக்கச் சொற்களாதல் என விளக்கினார். பதிவுகளை எழுதியவர்களும் எழுதச் செய்தவர்களும் உடைமை வகுப்பினராக இருந்ததால், அவர்களுடைய மதிப்பீடுகள் மொழியில் படிந்தன எனலாம்.

சில சொற்கள் காலப்போக்கில் வன்மை குன்றின. 'நாட்டி' என்பது ஒன்றுமில்லாதவன் என்னும் பொருளிலிருந்து கொடியவன் என்றாகி, இன்று குறும்புக்காரக் குழந்தையைக் குறிக்கிறது. 'விக்கெட்' என்னும் கொடுமைச் சொல் இளைஞர் வழக்கில் 'மிக நன்று' என்னும் பொருளிலும் வழங்குகிறது.

ஆட்பெயர்களும் நிகழ்வுகளும்

1849ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்பவர் கைது செய்யப்பட்டார். நன்கு உடுத்திய அவர் முன்பின் அறியாதவர்களிடம் பழகியவர் போலப் பேசி, நாளை வரை உங்கள் கைக்கடிகாரத்தை என்னிடம் ஒப்படைக்கும் அளவுக்கு என் மீது நம்பிக்கை உண்டா என வினவி, கொடுத்ததை வாங்கிச் சென்றுவிடுவார். அக்காலத்தில் அது சட்டைப்பையில் வைக்கும் கடிகாரமே ஆகும். செய்தித்தாள்கள் அவரை 'கான்ஃபிடன்ஸ் மேன்', அதாவது நம்பிக்கை மனிதர், என அழைத்தன. இதன் சுருக்கமே ஏமாற்றுதலைக் குறிக்கும் 'கான்' என்னும் சொல்.

1920ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர், பன்னாட்டு அஞ்சல் மறுமொழிச் சீட்டுகளை வாங்கி விற்பதாகக் கூறி, 45 நாட்களில் 50 விழுக்காடு ஊதியம் தருவதாக உறுதியளித்துப் பணம் திரட்டினார். புதிதாகச் சேர்ந்தோர் கட்டிய பணமே முன்னர் சேர்ந்தோருக்கு ஊதியமாக வழங்கப்பட்டது. இம்முறை இன்றும் 'பொன்சி திட்டம்' எனப்படுகிறது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் கைதான பெர்னார்ட் மேடாஃப் நடத்தியதும் இத்தகையதே. அவருக்கு 2009ஆம் ஆண்டில் 150 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் 2021ஆம் ஆண்டில் சிறையில் இறந்தார்.

நார்வேயை 1940ஆம் ஆண்டில் செருமனி கைப்பற்றியபோது அதனுடன் ஒத்துழைத்த விட்குன் குவிஸ்லிங்கின் பெயர், அவர் உயிருடன் இருந்தபோதே ஆங்கிலத்தில் 'நாட்டைக் காட்டிக்கொடுப்பவன்' என்னும் பொதுச் சொல்லாயிற்று. அவர் 1945ஆம் ஆண்டு அக்டோபரில் மரண தண்டனைக்கு உள்ளானார்.

'கேஸ்லைட்டிங்' என்பது ஒருவரைத் தம் நினைவையும் அறிவையும் தாமே ஐயுறும்படி செய்யும் ஏமாற்றைக் குறிக்கும். பாட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938ஆம் ஆண்டில் அரங்கேறிய நாடகமும், அதன் அடிப்படையில் 1944ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கத் திரைப்படமும் இதற்கு மூலம் ஆகும். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2022ஆம் ஆண்டின் சொல்லாக இதனைத் தேர்ந்தெடுத்தது. மின்னஞ்சல் வழியாகக் கடவுச்சொற்களைக் கவரும் 'ஃபிஷிங்' என்னும் சொல் 1990களில் தோன்றியது. இது மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லின் எழுத்து மாற்றிய வடிவம் ஆகும்.

இனப்பெயர்களிலிருந்து வந்த சொற்கள்

சில சொற்கள் ஓர் இனத்தார் முழுவதையும் நேர்மையற்றோராகக் காட்டுகின்றன. ஏமாற்றுதலைக் குறிக்கும் 'ஜிப்' என்பது ரோமா மக்களை ஆங்கிலேயர் அழைத்த பெயரின் சுருக்கமாகக் கருதப்படுகிறது. பந்தயப் பணத்தைக் கொடுக்காமல் ஏய்ப்பதைக் குறிக்கும் 'வெல்ஷ்' என்னும் வினைச்சொல் வேல்சு மக்களின் பெயரோடு ஒன்றுபட்டுள்ளது. பேரம் பேசி விலை குறைப்பதற்கு யூதர்களின் பெயரை வினையாக வழங்கும் வழக்கும் இருந்தது. பேசுவோருக்கு இச்சொற்களின் மூலம் தெரியாமல் இருக்கலாம். எனினும் சுட்டப்பட்ட மக்களுக்கு இவை இழிவுரைகளே. ஆகையால் இன்றைய நடைக் கையேடுகள் இவற்றைத் தவிர்க்குமாறு கூறுகின்றன.

இந்திய மொழிகளிலிருந்து சென்ற சொற்கள்

குடியேற்றவாத காலத்தில் சில சொற்கள் இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்தில் நுழைந்தன. கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' இந்தியிலிருந்து வந்தது. ஏமாற்றுக்காரனைக் குறித்த இந்திச் சொல்லான 'டக்', வழிப்பயணிகளைக் கொன்று கொள்ளையடித்ததாகக் கூறப்பட்ட கூட்டத்தினருக்கு எதிராக 1830களில் வில்லியம் சிலீமன் தலைமையில் ஆங்கிலேயர் எடுத்த நடவடிக்கைகளுக்குப் பின் ஆங்கிலத்தில் பரவியது. இன்று அது 'தக்' என ஒலிக்கப்பட்டு வன்முறையாளனைக் குறிக்கிறது.

சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் அல்லது ஒதுக்கப்பட்ட நாடு என்னும் பொருளில் வழங்கும் 'பரையா' என்னும் ஆங்கிலச் சொல், தமிழில் ஒரு சாதியின் பெயரான 'பறையர்' என்பதிலிருந்து சென்றது. அப்பெயர் 'பறை' என்னும் இசைக்கருவியோடு தொடர்புடையது. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களின் பெயரே, ஆங்கிலத்தில் தவறிழைத்ததால் ஒதுக்கப்படும் நாடுகளுக்கும் ஆட்களுக்கும் அடைமொழியாக வழங்குகிறது. ஒடுக்கப்பட்டோரின் பெயரைக் குற்றத்தின் அடையாளமாக்கும் இவ்வழக்கு கண்டனத்துக்கு உள்ளாகியுள்ளது.

சட்டத்தில் 'நேர்மையற்ற' என்னும் சொல்

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1968ஆம் ஆண்டின் களவுச் சட்டம், பிறருக்கு உரிய பொருளை நிலையாகப் பறிக்கும் நோக்குடன் 'நேர்மையற்ற முறையில்' எடுத்துக்கொள்வதைக் களவு என வரையறுக்கிறது. ஆனால் 'நேர்மையற்ற' என்பதற்கு முழுமையான வரையறையை அச்சட்டம் தரவில்லை. இது அன்றாடச் சொல் என்பதால் இதனை நடுவர் குழுவே முடிவு செய்ய வேண்டும் என 1973ஆம் ஆண்டில் ஃபீலி வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. திருப்பித் தரும் எண்ணத்துடன் பந்தயக் கடையின் பணப்பெட்டியிலிருந்து மேலாளர் ஒருவர் பணம் எடுத்தது பற்றிய வழக்கு அது.

1982ஆம் ஆண்டில் கோஷ் வழக்கில் இரு படிகள் கொண்ட சோதனை வகுக்கப்பட்டது. முதலாவதாக, சாதாரண நேர்மையான மக்களின் அளவுகோலின்படி அச்செயல் நேர்மையற்றதாக இருக்க வேண்டும். இரண்டாவதாக, அம்மக்கள் அவ்வாறு கருதுவர் என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் உணர்ந்திருக்க வேண்டும். இரண்டாம் படியால், ஒருவருடைய ஒழுக்க உணர்வு எந்த அளவுக்குச் சீர்கெட்டுள்ளதோ அந்த அளவுக்கு அவர் தப்பிக்க வாய்ப்பு மிகும் என்னும் குறை சுட்டிக்காட்டப்பட்டது.

இச்சோதனை 35 ஆண்டுகள் நீடித்தது. தொழில்முறைச் சூதாட்டக்காரரான ஃபில் ஐவி, 2012ஆம் ஆண்டில் இலண்டனில் உள்ள ஒரு சூதாட்ட விடுதியில் சீட்டாடி ஏறத்தாழ 77 இலட்சம் பவுண்டுகள் வென்றார். சீட்டுகளின் பின்புற வடிவமைப்பில் இருந்த நுண்ணிய வேறுபாட்டைப் பயன்படுத்தி, தமக்கு நம்பிக்கை சார்ந்த பழக்கம் இருப்பதாகக் காட்டிக்கொண்டு, விடுதி ஊழியரைக் கொண்டே குறிப்பிட்ட சீட்டுகளைத் திருப்பி வைக்கச் செய்தார். விடுதி பணம் தர மறுத்ததால் அவர் வழக்குத் தொடுத்தார். தாம் செய்தது ஏமாற்று அன்று, திறமையே என அவர் உளமார நம்பினார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனினும் 2017ஆம் ஆண்டு அக்டோபரில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், அது ஏமாற்றே எனத் தீர்ப்பளித்தது. கோஷ் சோதனையின் இரண்டாம் படி சட்டத்துக்குப் பொருந்தாதது என்றும் கூறியது. ஒருவர் அறிந்திருந்ததும் நம்பியதும் என்ன என்பதை முதலில் கண்டறிந்து, பின் சாதாரண மக்களின் அளவுகோலைக் கொண்டு அச்செயலை மதிப்பிட வேண்டும் என்பதே இன்றைய நிலை. குற்றவியல் வழக்குகளுக்கும் இது பொருந்தும் என 2020ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

இந்தியாவில் இச்சொல் மாறாகக் கையாளப்பட்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒருவருக்கு முறையற்ற ஆதாயமோ மற்றொருவருக்கு முறையற்ற இழப்போ ஏற்படுத்தும் நோக்கத்துடன் செய்வதே நேர்மையற்ற செயல் என வரையறுத்தது. அதே சட்டத்தின் 420ஆம் பிரிவு ஏமாற்றிப் பொருளைப் பெறும் குற்றத்துக்கு உரியது. 'நானூற்றிருபது', 'ஃபோர் ட்வென்டி' ஆகியவை தமிழ்ப் பேச்சு வழக்கில் மோசடிக்காரரைக் குறிக்க இதுவே காரணம். இச்சட்டத்தை அடியொற்றிய மலேசியா, சிங்கப்பூர் தண்டனைச் சட்டங்களிலும் 420ஆம் பிரிவு இக்குற்றத்துக்கே உரியது. 2024ஆம் ஆண்டு சூலை 1 முதல் இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால் இக்குற்றம் 318ஆம் பிரிவுக்குள் அடங்கியது. பேச்சு வழக்கில் பழைய எண்ணே நிலைத்துள்ளது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொய்ச் சாட்சியத்தின் எல்லையை 1973ஆம் ஆண்டு பிரான்ஸ்டன் வழக்கு வரையறுத்தது. திரைப்படத் தயாரிப்பாளரான சாமுவேல் பிரான்ஸ்டனிடம், தமது நிறுவனம் நொடிந்தது பற்றிய விசாரணையின்போது, சுவிட்சர்லாந்து வங்கியில் அவருக்கு எப்போதேனும் கணக்கு இருந்ததா எனக் கேட்கப்பட்டது. தம் நிறுவனத்துக்குச் சூரிக்கு நகரில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் கணக்கு இருந்தது என அவர் விடையளித்தார். அது உண்மை. ஆனால் அவர் பெயரிலேயே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் செனீவாவில் கணக்கு இருந்ததை அவ்விடை மறைத்தது. சொல்லளவில் உண்மையான விடை, கேட்பவரைத் திசைதிருப்பினாலும் பொய்ச் சாட்சியம் ஆகாது என்றும், தெளிவான விடையைப் பெறுவது வினவும் வழக்குரைஞரின் கடமை என்றும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அவதூறு வழக்குகள்

ஒருவர் மீது இத்தகைய சொல்லை ஏவுவது அவதூறு வழக்குக்கு வழிவகுக்கலாம். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங், 'தி கார்டியன்' இதழில் முதுகெலும்பு நீவல் மருத்துவத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், பிரித்தானியக் கைரோபிராக்டிக் சங்கம் ஊக்குவிக்கும் சில சிகிச்சைகளை 'போகஸ்' எனக் குறிப்பிட்டார். போலி அல்லது பயனற்ற எனப் பொருள்படும் சொல் இது. சங்கம் அவர் மீது வழக்குத் தொடுத்தது. பயனற்றவை எனத் தெரிந்தே அச்சிகிச்சைகளைச் சங்கம் ஊக்குவித்தது என்பதே இச்சொல்லின் பொருள் என 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் உயர் நீதிமன்ற நீதிபதி முடிவு செய்தார். அப்பொருளை மெய்ப்பிக்க வேண்டிய சுமை சிங்கின் மீது விழுந்தது. போதிய சான்று இல்லை என்றே தாம் கருதியதாக அவர் வாதிட்டார். 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அது கருத்துரையே எனக் கூறி முந்தைய முடிவை மாற்றியது. அதன் பின் சங்கம் வழக்கைக் கைவிட்டது. இவ்வழக்கு எழுப்பிய விவாதம் 2013ஆம் ஆண்டின் அவதூறுச் சட்டத்துக்குத் தூண்டுதலாக அமைந்தவற்றுள் ஒன்றாகும்.

நாடாளுமன்றத்தில்

பிரித்தானிய மக்களவையில் ஓர் உறுப்பினர் மற்றோர் உறுப்பினரைப் பொய்யர் எனக் கூறுதல் பொதுவாக அவை மரபுக்கு மாறானது. திரும்பப் பெற மறுப்பவர் வெளியேற்றப்படலாம். 2021ஆம் ஆண்டு சூலையில் தலைமை அமைச்சர் போரிஸ் ஜான்சன் மீண்டும் மீண்டும் பொய் கூறியதாகச் சொன்ன டான் பட்லர் என்னும் உறுப்பினர் அன்றைய அமர்விலிருந்து வெளியேற்றப்பட்டார். 2023ஆம் ஆண்டு சூனில் அவையின் சிறப்புரிமைக் குழு, கொரோனாக் கால விருந்துகள் பற்றி ஜான்சன் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என அறிக்கை அளித்தது. அவ்வறிக்கையும் பொய் என்னும் சொல்லை விடுத்து 'மிஸ்லீட்' என்னும் சொல்லையே ஆண்டது குறிப்பிடத்தக்கது.

இத்தடையால் பல இடக்கரடக்கல்கள் தோன்றின. 1906ஆம் ஆண்டில் வின்ஸ்டன் சர்ச்சில், தென்னாப்பிரிக்காவில் இருந்த சீனத் தொழிலாளர்களை அடிமைகள் என அழைப்பது 'சொல்லாட்சியில் துல்லியமின்மை' ஆகும் என்றார். இத்தொடர் பின்னர் பொய்க்கு நகைச்சுவையான மாற்றுப்பெயராயிற்று. 1986ஆம் ஆண்டில் உளவுத்துறை பற்றிய ஒரு நூலைத் தடுக்க ஆத்திரேலியாவில் நடந்த வழக்கில், பிரித்தானிய அமைச்சரவைச் செயலர் இராபர்ட் ஆம்ஸ்ட்ராங், தாம் எழுதிய கடிதம் உண்மையைச் 'சிக்கனமாக' கையாண்டது என்னும் பொருள்படக் கூறியது புகழ்பெற்றது. அவரைக் குறுக்கு விசாரணை செய்த வழக்குரைஞர் மால்கம் டர்ன்புல், பின்னர் 2015 முதல் 2018 வரை ஆத்திரேலியாவின் தலைமை அமைச்சராக இருந்தார்.

ஊடகங்களில்

ஓர் அரசியல்வாதி கூறியது தவறு என நிறுவுதல் எளிது. அது பொய் என எழுதுவதற்கு அவருடைய நோக்கமும் தெரிந்திருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர்., நோக்கத்தை அறிய இயலாது என்பதைக் காட்டி, குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்பின் கூற்றுகளுக்கு அச்சொல்லைத் தவிர்ப்பதாக விளக்கியது. 'தி நியூயார்க் டைம்ஸ்' 2016ஆம் ஆண்டிலேயே அச்சொல்லைத் தலைப்பில் வெளியிட்டிருந்தது. டிரம்பின் முதற் பதவிக்காலத்தில் 30,573 கூற்றுகளைத் தொகுத்த 'தி வாஷிங்டன் போஸ்ட்', அவற்றைத் 'தவறான அல்லது திசைதிருப்பும் கூற்றுகள்' என்றே வகைப்படுத்தியது. ஒருவர் தவறை அறியாது கூறியிருக்கலாம் என்பதற்கு இடமளிப்பது நடுநிலை என ஒரு சாராரும், திருத்திக் காட்டிய பின்னும் திரும்பக் கூறப்படுவதைப் பொய் என அழைக்காதது வாசகரை ஏமாற்றுவது என மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர்.

தமிழில் பெயர்க்கும்போது எழும் சிக்கல்கள்

தமிழில் 'பொய்' என்னும் சொல் ஆங்கில 'லை' என்பதைக் காட்டிலும் விரிந்த பொருளுடையது. மழை பொய்த்தது, கணிப்பு பொய்த்தது ஆகிய தொடர்களில் ஏமாற்றும் நோக்கம் எதுவும் இல்லை. ஆகையால் ஆங்கிலத்தில் 'ஃபால்ஸ்' என எழுதப்பட்டதைத் தமிழில் 'பொய்' எனப் பெயர்த்தால், மூலத்தில் இல்லாத குற்றச்சாட்டு ஏறிவிடக் கூடும். செய்திகளில் அதனைத் 'தவறானது' அல்லது 'உண்மைக்கு மாறானது' எனப் பெயர்ப்பது பொருத்தமாகும். நோக்கம் மெய்ப்பிக்கப்பட்ட இடத்தில் 'பொய்' எனல் தகும்.

'ஏமாற்று' என்பதும் இத்தகையதே. 'சீட்', 'டிசீவ்', 'மிஸ்லீட்', 'கான்' ஆகிய நான்கும் தமிழில் இவ்வொரு சொல்லாலேயே பெயர்க்கப்படுவது உண்டு. விதியை மீறுவது, பொய்யை நம்பச் செய்வது, உண்மையைப் பாதி கூறித் திசைதிருப்புவது, நம்பிக்கையைப் பெற்றுப் பொருளைக் கவர்வது என முறையே இவற்றை வேறுபடுத்திக் கொண்டால், ஒருவர் மீது அவர் செய்யாத குற்றத்தைச் சுமத்தாமல் எழுத இயலும்.